வாசகர் கேள்வி – பதில்: ரவானும் ஹிப்-ஹாப்பும்

கேள்வி: அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' (1989) ஆல்பத்தில் சிரிப்பும் விளையாட்டுமாகப் பழைய பாட்டுத் துணுக்குகளைக் கோத்திருக்கிறார்கள். தாத்தாவின் சேகா (நம் மொரிஷியஸ் நாட்டுப்புற இசை) இசைத்தட்டுகளை வைத்து லேப்டாப்பில் அதுபோல் முயன்றேன். அதில் வரும் ரவான் என்னும் தோல் பறையின் தாளம் ட்ரம்ஸோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

பதில்: நடை வேறு. சேகா 6/8, அடிக்கு மூன்று தட்டு விழும் திஸ்ரம். ஹிப்-ஹாப் பெரும்பாலும் அடிக்கு நான்காகப் பிரியும் சதுஸ்ரம். மென்பொருளின் கிரிட், அதாவது தட்டுகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள், வழக்கமாக 1/16-இல் (அடிக்கு நான்கு கோடு) இருக்கும். அதில் க்வான்டைஸ் கொடுத்தால் ஒவ்வொரு தட்டும் அருகிலுள்ள கோட்டுக்கு இழுக்கப்பட்டு, சேகாவின் ஆட்டமே செத்துவிடும்.

கிரிட்டை 1/8 ட்ரிப்லெட்டுக்கு (அடிக்கு மூன்று கோடு) மாற்றுங்கள். இரண்டு 6/8 பார் (தாளச் சுற்று), அதாவது 12 தட்டு, வெட்டி ஒரு 4/4 பாரில் வையுங்கள். வேகம் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) என்றால் துண்டின் நீளம் 2.67 வினாடி வர வேண்டும். ட்ரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டும் திஸ்ரத்தில் ஓடட்டும். ரவானுக்குக் க்வான்டைஸ் வேண்டவே வேண்டாம். கிக் (கால் ட்ரம்), ஸ்னேர் ட்ரம் இரண்டுக்கு மட்டும் போதும். பழைய பதிவுகளில் வேகம் ஏறி இறங்கும். முழுப் பாட்டையும் இழுத்து நீட்டாமல் பார் பாராக வெட்டுங்கள். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். துணுக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிட்டால் கிக் தெளியும்.

பாட்டுத் துணுக்குகளைப் பதிந்து மீட்டும் அக்காலச் சாம்ப்ளர் கருவிகளின் சொரசொரப்பு வேண்டுமா? அவற்றில் ஒன்றான எஸ்பி-1200-இல் மொத்தமே 10 வினாடி நினைவகம். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு சுருதியை 5.2 செமிடோன் (அரைச்சுரம்) இறக்குவார்கள். பதிவின் தரத்தை அந்தக் கருவியைப் போல 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

விளையாட்டுத்தனம் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் இசைத்தட்டு ஒன்று பாட்டோடு சேர்ந்து ஓடும். பிரெஞ்சு தெரிந்த நமக்கு அது கூடுதல் சுவை. போர்ட் லூயி சந்தையில் விலை கூவுபவரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் குரலைப் பதிந்து பாருங்களேன்.

கேள்வி: பழைய பாட்டிலிருந்து எடுப்பது சில வினாடிகள்தானே, அனுமதி வேண்டுமா?
– வாசகி, கத்ர் போர்ன்

பதில்: வேண்டும். மேற்சொன்ன பிரெஞ்சுப் பாடத்தோடு ஓடும் துணுக்குக்காகவே, அதன் மூலப் பதிவைப் பாடிய டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. உரிமைச் சிக்கல்களால் அந்த ஆல்பம் 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. பாட்டை எழுதியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. முன்னதற்குப் படைப்பாளர் உரிமைகளைக் கவனிக்கும் மொரிஷியஸ் சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸில் விசாரியுங்கள். பின்னதற்கு இசைத்தட்டை வெளியிட்டவரிடம் கேளுங்கள்.

ரவானை நீங்களே வாசித்துப் பதிந்தால் ஒலிப்பதிவு உரிமை என்ற இரண்டாவது தொல்லை இல்லை. ரவானின் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிய சூட்டோடு பதியுங்கள்; குளிரக் குளிரச் சுருதி இறங்கி, அடுத்தடுத்த பதிவுகள் பொருந்தாமல் போகும்.