வாசகர் கேள்வி – பதில்: காசில்லாமல் சரித்திரம் படிக்க

வாசகி, சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்கா): அரசியலும் சரித்திரமும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்கிறார்கள். உள்ளே போனால் வங்கி அட்டை எண் கேட்கிறது. எதுதான் உண்மையில் இலவசம்?

அட்டை எண் கேட்டால், பெரும்பாலும் 'ஏழு நாள் இலவசம்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். ரத்து செய்ய மறந்தால் எட்டாம் நாள் பணம் போய்விடும். கோர்ஸெரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் இரண்டிலும் பாடம் பார்ப்பது வேறு, சான்றிதழ் வாங்குவது வேறு. எட்எக்ஸில் 'ஆடிட்' வழியாகச் சேர்ந்தால் செலவில்லை. ஆனால் மதிப்பெண் தரும் தேர்வுகள் பூட்டியிருக்கும், கெடு முடிந்ததும் பாடமும் மூடிக்கொள்ளும். கோர்ஸெராவில் எவ்வளவு இலவசம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்.

புதிதாகத் தொடங்குபவர் ஓப்பன்லேர்னுக்குப் போவது நல்லது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்தி வருகிறது. எத்தனை மணி நேரப் பாடம், தொடக்க நிலையா உயர்நிலையா என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். முழுப் பாடத்தையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். கனமாகப் படிக்க விரும்பினால் யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்கள் இருக்கின்றன. அரசியல் தத்துவ அறிமுகம் மட்டுமே 24 விரிவுரைகள். பிளாட்டோவிலிருந்து டோக்வில் வரை போகிறது. பதிவு செய்ய வேண்டாம், சான்றிதழும் கிடையாது.

டேட்டா விலை கட்டுப்படாதவர்கள் வீடியோவை விட்டுவிடலாம். யேல் விரிவுரைகளுக்கு எழுத்துப் படியும் ஒலிக்கோப்பும் உண்டு. 64 கேபிபிஎஸ் ஒலி ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான். எழுத்துப் படி அதில் ஒரு துளி. எங்களைக் கேட்டால், வாசிப்பதே மேல்: புரியாத வரிக்குத் திரும்பிப் போவது எளிது.

வாசகர், ஃபீனிக்ஸ்: கொள்ளுத்தாத்தா இந்தியாவிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்ததில் தொடங்கி 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களின் கப்பல் பட்டியல்கள் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியே இணையத்தில் கிடைக்கின்றன. ஆள் ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலடையாளம் என்று பத்திகள்.

தேடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்றைய குடும்பப் பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர், அதுவும் எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில். முனுசாமி 'மூன்சாமி' ஆவார், ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆவார். உகரம் வரும் இடத்தில் 'யு'வும் போட்டுப் பாருங்கள், இரட்டை 'ஓ'வும் போட்டுப் பாருங்கள். பெயரின் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தி, வயதையும் தகப்பன் பெயரையும் வைத்துச் சலிப்பது இன்னும் நல்லது. 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது; குடும்பக் கதை 1870 என்றால் ஆண்டைச் சந்தேகியுங்கள்.

வீட்டுப் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் குடியேற்ற எண் இருந்தால் தேடும் வேலையே இல்லை. 'வட ஆற்காடு' என்று கண்டால் வேலூர்ப் பக்கம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. சொந்தச் செலவில் வந்த வணிகக் குடும்பத்தார் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

அடுத்த படி, தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'நேர்ஸ்' தேடுபொறி. அதில் பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு என்ஏபி என்றும், இந்தியக் குடியேற்ற அலுவலகக் கோப்புகளுக்கு ஐஐ என்றும் குறி. தேடல் இலவசம். ஆனால் கிடைப்பது கோப்பின் தலைப்பும் எண்ணும்தான். கோப்பைப் பார்க்க நேரில் போகவோ எழுதிக் கேட்கவோ வேண்டும்.

வாசகர், டொங்காட்: யூடியூபில் சோழர் சரித்திரம் பார்க்கிறேன். எதை நம்புவது?

கல்வெட்டு என்று சொல்லிவிட்டுத் தொகுதியும் எண்ணும் சொல்லாத வீடியோவை நம்ப வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத் தளத்தில் இறக்கிச் சரிபார்க்கலாம். இலக்கியத்துக்கு, தமிழ் நூல்களை மின்னூலாக இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்னூலகமும் போதும். பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுத்தர அதே கழகத்தில் மழலைப் பாடங்கள் உண்டு.

வாசகி, லெனேசியா: இந்தச் சான்றிதழ்கள் வேலைக்கு உதவுமா?

பட்டத்துக்கு ஈடாக உதவாது. தென்னாப்பிரிக்காவின் தகுதிச் சட்டகத்தில் (அங்கீகரித்த படிப்புகளின் நாடளாவிய வரிசையில்) பதிவான படிப்பு வேறு, இது வேறு. ஓப்பன்லேர்ன் தரும் பங்கேற்புச் சான்று இலவசம், அதை விண்ணப்பத்தில் ஒரு வரியாகப் போடலாம். காசு கட்டி வாங்கும் சான்றிதழ் என்றால், வேலை தருபவர் அதைப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் முதலில் கோர்ஸெராவின் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள். பதில் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.