மூன்று வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம்

வணக்கம். 400 பேர் உள்ள குழுவுக்கு டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் தள மென்பொருளை நிறுவ, ஷேர்டு ஹோஸ்டிங்கை (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) மூன்று வருடத்துக்கு மொத்தமாக வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டிஸ்கோர்ஸ் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் கருவி) ஓடுவது, ஷேர்டில் அது நடக்காது. குறைந்தது 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வேண்டும். 2 ஜிபி என்றால் நிம்மதி. பிஹெச்பிபிபி என்ற இன்னொரு கலந்துரையாடல் மென்பொருள் போதுமென்றால் ஷேர்டே தாங்கும்.

எதுவானாலும் முதலில் மாதக் கட்டணத்தில் எடுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள விலை பெரும்பாலும் முதல் தவணைக்குத்தான், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

எங்கள் குழுவில் ஒரே ஒருவரின் கார்டிலிருந்துதான் பணம் போனது. அவர் விலகினார், கட்டணம் நின்றது, தளம் அழிந்தது. பேக்கப்பும் அதே சர்வரில்! நாலு வருடப் பேச்சு போனது இன்னும் வலிக்கிறது. டொமைனை (தளத்தின் முகவரியை) வேறு நிறுவனத்தில் பதியுங்கள், லாகின் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும், பேக்கப்பை வாராவாரம் வெளியே இறக்கி வையுங்கள்.