முடிவைச் சொல்லாமல் துப்பறியும் நாவலுக்கு விமர்சனம் எழுத முடியுமா?

முடிவைச் சொல்லக்கூடாது என்றால் எழுத என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நாவலாக இருந்தால் நிறையவே இருக்கும்.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழியில் 2005இல் வந்து அந்நாட்டின் நவோகி இலக்கிய விருது வாங்கிய புத்தகம். 2023இல் கரீனா கபூர் நடித்து 'ஜானே ஜான்' என்று இந்தியில் படமாகவும் வந்தது. பென்டோ எனப்படும் சாப்பாட்டுப் பெட்டிகள் விற்கும் கடையில் வேலை பார்க்கும் யசுகோவைத் தேடி, விவாகரத்தான கணவன் வந்து தொல்லை கொடுக்கிறான். தாயும் மகளுமாக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். போலீஸ் நண்பருக்கு யோசனை சொல்ல வரும் இயற்பியலாளர் யுகாவாவோ, இஷிகாமியின் கல்லூரிக் காலத்து நண்பர். இவ்வளவையும் தாராளமாகச் சொல்லலாம். நாவலாசிரியரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிற விஷயங்கள்தானே.

சொல்லக்கூடாதது என்று நான் நினைப்பது, "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, அசந்துபோவீங்க" என்ற வரியை. பெரும்பாலான விமர்சனங்கள் அதைத்தான் முதலில் எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகிறவர், கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் சந்தேகத்தோடு துழாவ ஆரம்பித்துவிடுவார். "நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்பதும் அப்படித்தான். அதில் நாவலைப் பற்றி ஒன்றும் இல்லை, எழுதியவரின் பெருமை மட்டும் இருக்கிறது.

அதற்குப் பதில் துப்புகளின் நேர்மையைப் பற்றி எழுதுங்கள். முடிவு தெரிந்தபின் முதல் சில அத்தியாயங்களை மறுபடி படித்தால் போதும், ஆசிரியர் ஏமாற்றினாரா, கண்முன்னால் வைத்துவிட்டு நம்மைத் திசைதிருப்பினாரா என்பது தெரிந்துவிடும். இந்த நாவலை வைத்தே ஜப்பானில் பெரிய சர்ச்சை நடந்தது. வாசகர் தானாகவே விடையை எட்டும் அளவுக்குத் துப்புகள் தரப்படவில்லை, ஆகவே இது 'ஹொன்காகு', அதாவது அசல் புதிர்க்கதை, ஆகாது என்று ஒரு தரப்பு வாதிட்டது. அப்படியும் ஹொன்காகு மிஸ்டரி விருது இதற்கே கிடைத்தது. நான் விருது கொடுத்தவர்கள் பக்கம்.

அப்புறம், மனிதர்கள். இஷிகாமியின் பக்தியைக் காதல் என்பதா, கேட்காமலே ஒருத்தியின் வாழ்க்கையைத் தன் கையில் எடுத்துக்கொள்வது என்பதா? யசுகோவோ பெரும்பாலும் சுற்றியிருக்கும் ஆண்கள் சொல்கிறபடி நகர்கிறாள். புத்திசாலித்தனமான இந்த நாவலில் பலவீனமான இடம் அவள்தான். இதையெல்லாம் முடிவைத் தொடாமலே பேசலாம்.

முடிவைப் பற்றி எழுதாமல் இருக்கவே முடியவில்லையா? சரி, படித்து முடித்தவர்களுக்கு மட்டும் என்று தலைப்புப் போட்டுத் தனியாக ஒரு பதிவு எழுதிவிடுங்கள். விமர்சனத்தின் அடியிலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டு எழுதினால், கண் தானாகக் கீழே போய்விடும்.