வாங்கும் முன் கேளுங்கள்: படிப்புக் கருவிகள், செயலிகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படிப்பு, பயிற்சி தொடர்பானவை. இணைய வகுப்பு, பயிற்சி மென்பொருள், பிள்ளைகளுக்கான செயலி, பழைய லேப்டாப் என்று பலவும் கேட்டிருக்கிறீர்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: "வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தலாம்" என்று சொல்லி ஒரு மொழிப் பாடத் தொகுப்பை விற்றார்கள். ஒன்றரை வருடத்தில் செயலி திறக்கவே இல்லை. கேட்டால் பழைய பதிப்பை நிறுத்திவிட்டோம், புதியதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்?

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. இப்படி விற்கப்படும் பல தொகுப்புகளின் நிபந்தனைகளைக் கடைசிவரை படித்தால், அந்த வாழ்நாள் உங்களுடையது அல்ல, நிறுவனம் அந்தச் சேவையை நடத்தும் காலம்தான் என்பது தெரியும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நிபந்தனையில் பொடி எழுத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பத்து வட்டுகள் கொண்ட ஒரு மொழிப் பயிற்சித் தொகுப்பு வாங்கினேன். பாதி படித்து வைத்துவிட்டு, புதிய கணினி வந்ததும் மீதியை முடிக்கலாம் என்று போட்டால், நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்டது. அந்த சர்வரை எப்போதோ மூடிவிட்டார்கள். வட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் ஒரு பாடமும் திறக்காது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் குறையவே இல்லை.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்காகவும் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019 ஏப்ரலில் மூடியது, ஜூலையில் அங்கே வாங்கிய நூல்கள் வாசகர்களின் கணக்கிலிருந்து மறைந்தன. பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தார்கள், அது நியாயம். ஆனால் அந்த நூல்களின் ஓரத்தில் குறிப்பு எழுதிப் படித்தவர்கள் இருந்தார்களே, அந்தக் குறிப்புகளுக்கு ஈடாகக் கூடுதலாக 25 டாலர் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது. படிப்பவருக்கு நூலைவிட அந்தக் குறிப்பு பெரிது. அப்புறம் ஃபிளாஷ், அசையும் படங்களும் விளையாட்டுப் பாடங்களும் உலாவியில் ஓட உதவிய மென்பொருள். நிறுத்தப் போகிறோம் என்று அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்தது, 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகள் ஓடாமலே செய்துவிட்டது. அதில் பாடம் செய்து வைத்திருந்த ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் பல வருட உழைப்பை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி போதும். பாடங்களை என் கணினியில் இறக்கி, இணையம் இல்லாமலே சாதாரண பிடிஎஃப், எம்பி3, எம்பி4 கோப்பாக வைத்துக்கொள்ள முடியுமா? நீங்கள் கடையை மூடினால் எனக்கு என்ன மிஞ்சும்? இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் "வாழ்நாள்" விலை கொடுக்காதீர்கள். மாதச் சந்தாவே பரவாயில்லை, இழந்தாலும் ஒரு மாதம்தான் போகும்.

இனி உங்கள் பணம். வாங்கிய அன்று விற்பனைப் பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குச் சாட்சி. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அவர்களுடைய முகவரியைப் போட்டுப் பாருங்கள், பழைய பக்கம் சேமிக்கப்பட்டிருந்தால் தேதியோடு கிடைக்கும். அதைப் பிரதி எடுத்து, ரசீதையும் இணைத்து, பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசிப் பேசி நாளைக் கடத்தாதீர்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்து நுகர்வோர் புகாராகக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வகுப்பெடுக்கப் போகிறேன். நல்ல கேமரா, நல்ல மைக் இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது.

பதில்: மைக். முகம் மங்கலாகத் தெரிந்தாலும் மாணவர் உட்கார்ந்திருப்பார், குரல் விட்டுவிட்டுக் கேட்டால் போய்விடுவார்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 60 பேர். பயிற்சிக்கென்று ஒரு மென்பொருளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டோம். ஆறு மாதமாகியும் பத்துப் பேர்கூட உள்ளே போவதில்லை. இன்னும் பெரிய தொகுப்புக்கு மாறினால் ஆர்வம் வரும் என்கிறார் விற்பனையாளர். மாறலாமா?

பதில்: கூடாது. அறுபது பேரில் ஒருவரிடமாவது என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா? உங்கள் கடிதம் இரண்டு பக்கம், அதில் மென்பொருளின் வசதிகள் ஒன்று விடாமல் இருக்கின்றன, ஊழியர்கள் எந்த வேலையில் திணறுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. வேலை நேரத்தில் படிக்க நேரம் ஒதுக்கினீர்களா என்பதும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படிக்கச் சொல்லியிருந்தால் யாரும் நுழையாததில் ஆச்சரியம் என்ன?

மூன்றாண்டுக்குப் போடும் முன் ஐந்து பேரை வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். மூடுல் என்ற பயிற்சி மென்பொருள் 2002 முதல் இருக்கிறது, திறந்த மூலம், உரிமக் கட்டணம் கிடையாது. அதை நிறுவிப் பராமரிக்க ஒரு ஆளும் சர்வரும் வேண்டும், அந்தச் செலவு உண்டு. சரி, போட்டது போட்டாயிற்று. இப்போது ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடம் பாருங்கள். கட்டணம் பெயர் பதிந்த எல்லோருக்குமா, உண்மையில் பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமா? காலம் முடிந்தால் தானாகப் புதுப்பிக்கப்படுமா? நீங்கள் உருவாக்கிய பாடங்களை ஸ்கார்ம் வடிவில் வெளியே எடுக்க முடியுமா? ஸ்கார்ம் என்பது ஒரு பயிற்சி மென்பொருளில் உள்ள பாடத்தை இன்னொன்றில் ஓட்டுவதற்கான பொதுத் தரம். மூன்றாவதற்கு முடியாது என்று பதில் வந்தால், இனி ஒரு பாடம்கூட அதற்குள் நேரடியாக உருவாக்க வேண்டாம்.

கேள்வி: மூளைப் பயிற்சி விளையாட்டுச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் பிள்ளையின் மதிப்பெண் கூடுமா?

பதில்: அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார். பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும் என்று போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக லுமோசிட்டி செயலியின் நிறுவனம் 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. வேண்டாம்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று பேரனுக்காக என் அம்மா ஒரு கணக்குப் பாடச் செயலியைப் போட்டார். பிடிக்கவில்லை என்று மறுநாளே நீக்கிவிட்டார். ஐந்து மாதமாக அட்டையிலிருந்து பணம் போயிருக்கிறது. தன்னால்தான் நஷ்டம் என்று அம்மா அழுகிறார்.

பதில்: அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, தவறு உங்களுடையது அல்ல. பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. செயலியை நீக்கினாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

முதலில் இன்றே, ஆப்பிள் அல்லது கூகுள் பிளே கணக்கில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். செயலியின் இணையதளத்தில் அட்டை எண் கொடுத்திருந்தால் அங்கே தனியாக ரத்து செய்ய வேண்டும். பிறகு அதே கடையில் பணம் திரும்பக் கேட்கும் படிவத்தை நிரப்புங்கள், எந்த நாளில் நீக்கினார், அதன்பின் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்பதை எழுதுங்கள். செயலி நிறுவனத்துக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல். இரண்டிலும் நடக்கவில்லை என்றால் அட்டை கொடுத்த வங்கியில் எழுதிக் கொடுங்கள், அங்கே காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஐந்து மாதமும் திரும்ப வராமல் போகலாம், சமீபத்திய மாதங்களுக்குக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி இலவச நாட்களில் சேர்ந்த அன்றே ரத்தும் செய்துவிடுங்கள். பெரும்பாலான செயலிகள் மீதி நாட்களுக்குத் திறந்தே இருக்கும்.

கேள்வி: வீட்டுப்பாடத்துக்கு உதவும் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குச் சந்தா கேட்கிறாள் மகள். கணக்கெல்லாம் உடனே முடித்துவிடுகிறாள், சந்தோஷமாக இருக்கிறது.

பதில்: முடிப்பது அவளா, செயலியா? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த கணித ஆய்வு ஒன்று 2025-இல் வெளியானது. சாதாரண உரையாடல் செயலியை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள், செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை.

ஆகவே சந்தா கட்டும் முன் நீங்களே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முழு விடையும் உடனே வந்தால் வேண்டாம். "முதல் படி என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் யோசிக்கலாம். அப்போதும் வாரம் ஒருநாள் செயலி இல்லாமல், தாளில், உங்கள் கண்முன் இரண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: படிப்புக்காகப் பழைய குரோம்புக் லேப்டாப் ஒன்றை, எதுவும் கேட்காமல் பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். இனி மென்பொருள் புதுப்பிப்பு வராது என்று செய்தி வருகிறது. விற்றவர் பொறுப்பில்லையா?

பதில்: அவர் பொய் சொன்னாரா என்று கேட்டால், கேட்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமைப்புகளில் குரோம் ஓஎஸ் பற்றிய பகுதியைத் திறந்தால் கடைசித் தேதி இருக்கும், ஒரு நிமிட வேலை. புதுப்பிப்பு 10 ஆண்டு என்று கூகுள் 2023-இல் அறிவித்தது, ஆனால் அந்தப் பத்தாண்டு அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய விண்டோஸ் லேப்டாப்பும் இப்படித்தான், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, 11-க்கு மாறுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கற்றல் பொம்மையை இயக்கவே பிள்ளையின் பெயர், பிறந்தநாள், புகைப்படம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: புகைப்படம் வேண்டவே வேண்டாம், பெயருக்கு ஒரு செல்லப்பெயர் போதும். 2015 நவம்பரில் கற்றல் பொம்மைகள் செய்யும் விடெக் நிறுவனத்தின் சர்வருக்குள் யாரோ நுழைந்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் அங்கே இருந்தன. இவற்றைக் கொடுக்காமல் ஓடவே ஓடாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குத் தயாராகிறேன். எந்தச் செயலிக்குச் சந்தா கட்டலாம்?

பதில்: எதற்கும் கட்டாமல் தொடங்குங்கள். பாடச் சுருக்கக் காணொளிகளுக்கு நான் ஒரு வருடச் சந்தா கட்டிப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உங்களைக் கேள்வி கேட்கும் கருவி எதுவோ அதுதான் தேவை. ஆங்கி என்ற, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதும் அட்டைச் செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை விலை. மறக்கப் போகும் சமயம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். பிறர் செய்த பத்தாயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள், இன்று படித்ததிலிருந்து இருபது அட்டையை நீங்களே எழுதுங்கள்.