கேமரா பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

அன்புள்ள ஐயா,

என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும், நண்பர் தந்த பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸும் இருக்கின்றன. ஆட்டோ ஃபோகஸ் ஆகாததால் நண்பரின் லென்ஸைத் தொடுவதில்லை. மகளின் மேடை நடனங்களைத்தான் அதிகம் எடுக்கிறேன். படங்கள் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகின்றன. எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சோனி ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு (பெரிய சென்சார் உள்ள, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) மாறலாமா? சேமிப்பையும் சேர்த்தால் பாடியும் கிட் லென்ஸும் வாங்க முடியும். ஒரு படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான் என்றால் இப்போது மாற வேண்டாம் என்பதே என் கருத்து.

நீங்கள் அனுப்பிய படத்தின் விவரங்களைப் பார்த்தேன்: 55 எம்எம், எஃப்/5.6 (லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறைய ஒளி கூடும்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400, ஷட்டர் 1/30 நொடி. முகம் தெளிவாக இருக்கிறது. வீசிய கையின் விரல்கள் மட்டும் விசிறிபோல விரிந்து கலைந்திருக்கின்றன. ஆகவே ஃபோகஸில் குறையில்லை, ஷட்டர் வேகம்தான் போதவில்லை. புதிய கேமராவுடன் வரும் 28-70 கிட் லென்ஸும் 70 எம்எம்மில் எஃப்/5.6 தான். சென்சார் பெரிதாக இருப்பதால் நாய்ஸ் (நீங்கள் சொல்லும் புள்ளிகள்) ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்கானதற்கு ஈடாக, குறையும். அந்த ஆதாயம் முழுவதையும் வேகத்துக்கே கொடுத்தாலும் 1/60 நொடியோடு நின்றுவிடும், விரல்கள் அப்போதும் கலையும். போதாக்குறைக்கு, சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே எடுப்பதால் உங்கள் 55 எம்எம் இப்போது தரும் நெருக்கத்தைக்கூட ஃபுல் ஃபிரேமில் 70 எம்எம் தராது.

எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே ஐஎஸ்ஓவில் 1/250 நொடி கிடைத்துவிடும். நண்பர் தந்த டி வகை லென்ஸ் பாடியில் உள்ள மோட்டாரை நம்பியது, டி5600-இல் அந்த மோட்டார் இல்லை. மோட்டாரைத் தன்னுள்ளேயே கொண்ட ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸைப் பழையதாகவே வாங்குங்கள். வாங்குமுன் டார்ச் அடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கிவிட்டு வருந்தியிருக்கிறேன்.

இந்தப் பணம் வீணாகாது. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., அதன் மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2018-இல் வந்த இசட் மவுண்டில் 16 மி.மீ.; எஞ்சிய 30.5 மி.மீ.யை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்புகிறது, நடுவில் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. பின்னாளில் நிக்கான் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் ஜி லென்ஸ் ஆட்டோ ஃபோகஸுடன் வேலை செய்யும். டி லென்ஸ் அங்கேயும் செய்யாது.

மிரர்லெஸ்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸும், அரங்கில் சத்தமில்லாமல் எடுக்கும் வசதியும் உண்மையான ஆதாயங்கள் (எல்இடி விளக்கில் சத்தமற்ற ஷட்டர் சிலசமயம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும் என்பது வேறு விஷயம்). எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. 1/250 நொடியில் எடுத்தும் முகமே மங்கலாக விழுந்தால், அப்போது குறை ஃபோகஸில் இருக்கிறது. அந்த நிலையில், பாடிக்கும் ஒளிமிக்க லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் சேர்ந்தபின் மாறுங்கள்.

அடுத்த நிகழ்ச்சியில் எஃப்/1.8, 1/250 நொடியில் எடுத்த படங்கள் இரண்டை அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.