முதல் ஊசியில் பலன் தெரியாத பூனைக்கு இரண்டாவது போடலாமா?

13 வயதுப் பூனை, 4.6 கிலோ, சிறுநீரக நோய் இரண்டாம் நிலை. மூட்டுவலிக்கு மாதம் ஒருமுறை போடும் சொலென்சியா ஊசி போட்டு மூன்று வாரமாகியும் பெரிய மாற்றமில்லை, இப்போது கழுத்தைச் சொறிகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலி விஷயத்தில் ஒரே ஊசியை வைத்து முடிவு கட்டாதீர்கள். சொலென்சியா ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றும் புரதம்; வலிச் சமிக்ஞையைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தை அது பிடித்து முடக்குகிறது. முழுப் பலன் இரண்டாவது மாத ஊசிக்குப் பிறகே தெரியலாம். மூட்டுவலி இருந்தாலும் பூனை பெரும்பாலும் நொண்டிக் காட்டாது. சோபாவில் ஒரே தாவலாக ஏறுகிறதா, முன்னங்கால் ஊன்றி இழுத்துக்கொண்டு ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் வீடியோ எடுங்கள். ஞாபகத்தை நம்பினால் ஏமாற்றும்.

சொறிச்சல்தான் எனக்கு முக்கியம். தலை, கழுத்தில் அரிப்பும் தோல் அழற்சியும் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. முதலில் தெள்ளு இருக்கிறதா என்று சீப்பால் வாரிப் பாருங்கள். தோல் உரிந்து கசிந்தால், மருத்துவர் பார்க்காமல் அடுத்த ஊசி வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஓடுங்கள்.

அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்: 2.5 முதல் 7 கிலோ வரை ஒரே குப்பி, 7 மி.கி. சிறுநீரக நோய் 3, 4ஆம் நிலைகளில் இதன் பாதுகாப்பு ஆராயப்படவில்லை. அதனால் நோய் இன்னும் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறதா என்று அறிய, இரண்டாவது ஊசிக்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவைப் பார்த்துவிடுங்கள். நாய்க்கான லிப்ரெலாவை மாற்றாகப் போடவே கூடாது, அது நாயின் உடலுக்கென வடிவமைத்த வேறு ஆன்டிபாடி.