3 மில்லிவிகலை வித்தியாசத்துக்காகத் தள்ளிவிடாதீர்கள்

ஹட்டனில் பனிமூட்டம் விலகாததால் கையா (விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலம்) தரவை மேய்ந்தீர்கள், சரி. 65 ஒளியாண்டில், 50 விகலை (ஒரு விகலை = பாகையில் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரு செங்குறுமீன்கள் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்). இடமாறு தோற்றம் (தூரத்தைக் காட்டும் அளவு) ஒன்றே, சுய இயக்கத்தில் (வானில் இடம் நகரும் வேகம்) மட்டும் ஆண்டுக்கு 3 மில்லிவிகலை (மில்லி = ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம். ஈர்ப்பால் பிணைந்த ஜோடி இல்லையோ என்று கேட்கிறீர்கள்.

ஜோடியாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அந்த இடைவெளி குறைந்தது 1000 வானியல் அலகு (ஓர் அலகு = பூமி-சூரியன் தூரம்). மொத்த நிறை சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஒன்றையொன்று சுற்றும் வேகம் நொடிக்கு சுமார் 0.4 கி.மீ. அந்தத் தூரத்தில் அது ஆண்டுக்கு 4 மில்லிவிகலையாகத் தெரியும். உங்கள் 3 அதற்குள் அடங்குகிறது. 6ஐத் தாண்டினால்தான் சந்தேகம்; அந்த வேகத்தை அவற்றின் ஈர்ப்பு பிடித்து வைக்காது. (ஒரு சுற்றுக்கு 70,000 ஆண்டு, வளைவைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம்!)

அப்புறம் ரூவே (RUWE) எண்ணையும் பாருங்கள்; கையாவின் அளவீடு ஒற்றை விண்மீனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண் அது. 1.4க்கு மேல் போனால், ஒன்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு துணை ஒளிந்திருந்து கணக்கைக் குழப்பலாம்.